பெருந்தொற்றின் மூலம் எது? சான்றுகள் சொல்வதும் சொல்லாததும்

நதிமூலத்தையும் ரிஷிமூலத்தையும் ஆராயலாகாது என்று எம்மவர் கூறுவதுண்டு. ஆனால், நோயின் மூலத்துக்கு இந்த முதுமொழி பொருந்தாது. கொள்ளைநோயொன்று எங்கிருந்து, எவ்வாறு புறப்பட்டது என்பதை அறியாதவரை, அது மீண்டும் அதே வாசலால் நுழைவதைத் தடுத்துவிட முடியாது. கொவிட்-19 பெருந்தொற்றின் தோற்றம் பற்றிய விவாதம் இன்றும் ஓயாமல் தொடர்வதற்கு இதுவே நியாயமான காரணமாகும். நியாயமற்ற காரணங்களும் இருக்கவே செய்கின்றன.

2019 டிசெம்பர் 31ஆம் திகதி, சீனாவின் வூஹான் நகரில் காரணம் அறியப்படாத நியூமோனியாக் காய்ச்சலுக்கு 27 பேர் ஆளாகியுள்ளதாக அந்நகர சுகாதார ஆணைக்குழு அறிவித்தது. மறுநாளே அந்நகரின் ஹுவானான் கடலுணவுச் சந்தை மூடப்பட்டது. 2020 ஜனவரி 30ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் சர்வதேச அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. அந்நிலை 2023 மே 5ஆம் திகதியே முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2020, 2021 ஆகிய இரு வருடங்களில் மாத்திரம் நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 1 கோடியே 49 இலட்சம் மேலதிக மரணங்கள் நிகழ்ந்ததாக அந்த ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. இத்தனை உயிர்களைப் பலிகொண்ட நோயின் பிறப்பிடம் குறித்து உலகம் கேள்வி எழுப்புவதில் தவறேதும் இல்லை. அக்கேள்விக்கு எத்தகைய விடைகள் முன்வைக்கப்படுகின்றன, அவை எத்தகைய சான்றுகளில் தங்கியுள்ளன என்பதை எமது வாசகர்கள் அறிந்திருப்பது அவசியமெனக் கருதுகிறோம்.

இரு கருதுகோள்கள்

இன்று விஞ்ஞானிகள் மத்தியில் ஆராயப்படும் கருதுகோள்கள் பிரதானமாக இரண்டாகும். வௌவாலில் வாழ்ந்த வைரஸ் நேரடியாகவோ, இடையில் வேறொரு விலங்கின் மூலமாகவோ இயற்கையாக மனிதரைத் தொற்றியது என்பது ஒன்று. வூஹானில் உள்ள ஆய்வுகூடமொன்றிலிருந்து அல்லது அதனோடு தொடர்புடைய களப்பணியின்போது வைரஸ் தவறுதலாக வெளியேறியது என்பது மற்றையது. இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்ட மூன்றாவதொரு கதையும் தெருவெங்கும் உலாவியது. வைரஸ் ஒரு போர் ஆயுதமாகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது என்பதே அது. 2021ஆம் ஆண்டு இவ்விடயத்தை ஆராய்ந்த அமெரிக்கப் புலனாய்வு அமைப்புகள் ஏனையவற்றில் தமக்குள் முரண்பட்ட போதிலும், இது உயிரியல் ஆயுதமாக உருவாக்கப்படவில்லை என்பதில் ஒன்றுபட்டிருந்தன. ஆகவே, ஆய்வுகூடக் கசிவு என்ற கருதுகோளையும் ஆயுதக் கதையையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது. முன்னையது விபத்தைப் பற்றியது. பின்னையது சதியைப் பற்றியது.

இரு கருதுகோள்களுக்குமே வரலாற்றில் முன்னுதாரணங்கள் உண்டு. 2002ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் தோன்றிய சார்ஸ் நோய் 774 பேரின் உயிரைப் பறித்தது. சில மாதங்களுக்குள்ளேயே, 2003 மே மாதத்தில், சந்தையில் விற்கப்பட்ட மரநாய்களில் அதனையொத்த வைரஸ் கண்டறியப்பட்டது. 2005இல் குதிரைலாட வௌவால்களில் அதன் உறவு வைரஸ்கள் அறியப்பட்டன. 2012இல் மத்திய கிழக்கில் வெளிப்பட்ட மேர்ஸ் வைரஸ் ஒட்டகங்களிலிருந்து மனிதருக்குப் பரவியமை நிரூபிக்கப்பட்டுள்ளது. 1998-1999 காலப்பகுதியில் மலேசியாவைத் தாக்கிய நிப்பா வைரஸ் வௌவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதருக்கும் தாவியது.

மறுபுறத்தில், அதே சார்ஸ் வைரஸ் அடக்கப்பட்ட பின்னர் சிங்கப்பூர், தாய்பே, பீஜிங் ஆகிய நகரங்களின் ஆய்வுகூடங்களில் பணியாற்றியவர்களைத் தொற்றியது. 2004ஆம் ஆண்டு பீஜிங்கில் நிகழ்ந்த கசிவில் ஒன்பது பேர் பாதிக்கப்பட்டு ஒருவர் உயிரிழந்தார். 1977இல் பரவிய ஒரு வகை இன்புளுவென்சா வைரஸ் 1950களில் காணப்பட்ட வைரஸை ஏறத்தாழ அப்படியே ஒத்திருந்தமையால், அது ஆய்வுகூடமொன்றிலோ தடுப்பூசிப் பரிசோதனையொன்றிலோ பாதுகாத்து வைக்கப்பட்டிருந்து வெளிவந்ததாகவே பலரும் கருதுகின்றனர். எனவே, இவ்விரு கருதுகோள்களில் எதனையும் கேட்ட மாத்திரத்திலேயே கேலிக்குரியதென ஒதுக்கிவிட முடியாது. சான்றுகளையே உரைத்துப் பார்க்க வேண்டும்.

சந்தையை நோக்கிச் சுட்டும் சான்றுகள்

2022 ஜூலையில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இரு ஆய்வுகள் வெளியாகின. 2019 டிசெம்பரில் வூஹானில் நோயுற்றவர்களென அறியப்பட்ட 174 பேரில் 155 பேரின் வதிவிடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்த முதலாவது ஆய்வு, அவை ஹுவானான் சந்தையைச் சூழச் செறிந்திருந்ததைக் காட்டியது. சந்தையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத நோயாளர்களும் அதன் அயலிலேயே வசித்திருந்தனர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. ஒரு கோடிக்கும் அதிகமானோர் வாழும் பெருநகரொன்றில் இது தற்செயலாக நிகழ்ந்திருக்க முடியாது என ஆய்வாளர்கள் வாதிட்டனர். ஆரம்பத்திலேயே வைரஸில் ஏ, பி என இரு கிளைகள் காணப்பட்டமையை ஆராய்ந்த இரண்டாவது ஆய்வு, விலங்கிலிருந்து மனிதருக்கு ஒரு தடவையல்ல, குறைந்தது இரு தடவைகள் வைரஸ் தாவியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது.

அச்சந்தையில் உயிருள்ள வனவிலங்குகள் விற்கப்பட்டமையும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வந்துள்ளது. 2017 மே முதல் 2019 நவம்பர் வரை வூஹான் சந்தைகளில் மேற்கொள்ளப்பட்ட கணக்கெடுப்பொன்றில் 38 இனங்களைச் சேர்ந்த 47,381 விலங்குகள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தமை பதிவாகியிருந்தது. வௌவாலோ அழுங்கோ அவற்றுள் இருக்கவில்லை. எனினும், இத்தகைய வைரஸ் இலகுவில் தொற்றக்கூடிய ரக்கூன் நாய்களும் மரநாய்களும் இருந்தன. சந்தை மூடப்பட்ட பின்னர் சீன அதிகாரிகள் அங்கு தரை, கூண்டு, வண்டி, வடிகான் ஆகியவற்றிலிருந்து சேகரித்த மாதிரிகளின் மரபணுத் தரவுகள் 2023இன் ஆரம்பத்தில் சர்வதேச தரவுத்தளமொன்றில் காணப்பட்டன. அவற்றை ஆராய்ந்த விஞ்ஞானிகள், வைரஸ் இருந்த சில மாதிரிகளில் ரக்கூன் நாயின் மரபணுப் பொருளும் கலந்திருப்பதை எடுத்துக்காட்டினர். 2024 செப்டெம்பரில் 'செல்' சஞ்சிகையில் இவ்வாய்வு விரிவாக வெளியானது.

ஆனால், இச்சான்றுகளில் இடைவெளிகள் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. சந்தையில் பரிசோதிக்கப்பட்ட 457 விலங்கு மாதிரிகளில் ஒன்றிலேனும் வைரஸ் காணப்படவில்லை. பரிசோதனை தொடங்கு முன்னரே சந்தேகத்துக்குரிய உயிருள்ள விலங்குகள் அங்கிருந்து அகற்றப்பட்டு விட்டமையே இதற்குக் காரணமென ஒரு சாரார் கூறுகின்றனர். காரணம் எதுவாயினும், தொற்றுக்குள்ளான விலங்கு ஒன்றுகூட இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரே மாதிரியில் விலங்கின் மரபணுவும் வைரஸும் சேர்ந்திருப்பது, அந்த விலங்கு நோயுற்றிருந்தது என்பதற்கு நிரூபணமாகாது. அதே தரவுகளை வேறு முறையில் கணித்த அமெரிக்க விஞ்ஞானி ஜெஸி புளூம், ரக்கூன் நாயின் மரபணு அளவுக்கும் வைரஸின் அளவுக்கும் இடையே ஒத்த போக்கைக் காண முடியவில்லை என்றார். ஆரம்பத்தில் சந்தையோடு தொடர்புடையவர்களையே மருத்துவர்கள் தேடியமையால், சந்தையைச் சூழ்ந்தே நோயாளர்கள் இருப்பதாகத் தோன்றுகிறது என்ற விமர்சனமும் உண்டு. இரு கிளைகள் பற்றிய ஆய்வின் கணிப்பில் பிழைகள் சுட்டிக்காட்டப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்டன. திருத்தத்தின் பின் அம்முடிவின் வலு குறைந்ததே தவிர, அது தலைகீழாகிவிடவில்லை.

ஆய்வுகூடத்தை நோக்கி எழும் கேள்விகள்

வௌவால்களில் உள்ள கொரோனா வைரஸ்களை ஆராய்வதில் உலகின் முன்னணி நிலையங்களுள் ஒன்றான வூஹான் வைரஸியல் நிறுவகம் அதே நகரில் அமைந்திருப்பதே இக்கருதுகோளின் தொடக்கப் புள்ளியாகும். 2013ஆம் ஆண்டு யுனான் மாகாணத்தின் மோஜியாங் பகுதியிலுள்ள சுரங்கமொன்றில் அந்த நிறுவகத்தினர் சேகரித்த வௌவால் மாதிரியில் இருந்த 'ராட்ஜி13' என்ற வைரஸ், கொவிட் வைரஸுடன் 96.2 சதவீதம் ஒத்திருந்தது. 2012இல் அதே சுரங்கத்தில் வேலை செய்த ஆறு பேர் நோயுற்று, அவர்களுள் மூவர் மரணமடைந்திருந்தனர்.

96.2 சதவீதம் என்றவுடன் இரண்டும் ஒன்றே என எண்ணத் தோன்றும். ஆனால், ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட மரபணுத் தொடரில் எஞ்சிய 3.8 சதவீதம் என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேறுபாடுகளாகும். இயற்கையில் இத்தகைய வேறுபாடு உண்டாகப் பல தசாப்தங்கள் தேவை. ஆகவே, 'ராட்ஜி13' கொவிட் வைரஸின் தாயன்று, தூரத்து உறவே. பின்னர் லாவோஸ் நாட்டு வௌவால்களில் 96.8 சதவீதம் ஒத்த வைரஸ் ஒன்று கண்டறியப்பட்டது. நிறுவகத்தில் கொவிட் வைரஸோ அதன் நேரடி மூதாதையோ பெருந்தொற்றுக்கு முன்னர் இருந்தது என்பதற்கு எவ்விதச் சான்றும் இதுவரை பகிரங்கமாக முன்வைக்கப்படவில்லை. இதுவே ஆய்வுகூடக் கருதுகோளின் பெருங்குறையாகும்.

எனினும், ஐயத்துக்கு இடமளிக்கும் விடயங்கள் பலவுள. கொவிட் வைரஸின் முள்முனைப் புரதத்தில், மனித உடலின் பியூரின் என்ற நொதியம் வெட்டக்கூடிய ஒரு சிறு பகுதி உண்டு. வைரஸ் எமது உயிரணுக்களுள் இலகுவாக நுழைவதற்கு அது துணைபுரிகிறது. அதன் நெருங்கிய உறவு வைரஸ்களில் இப்பகுதி இதுவரை காணப்படவில்லை. 2018இல் அமெரிக்காவின் 'ஈகோஹெல்த் அலையன்ஸ்' அமைப்பு, வூஹான் நிறுவகத்தையும் பங்காளியாகச் சேர்த்து, இத்தகைய பகுதிகளை வௌவால் வைரஸ்களில் புகுத்திப் பார்க்கும் யோசனையை உள்ளடக்கிய திட்டமொன்றை அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகவரகத்திடம் சமர்ப்பித்திருந்தது. அத்திட்டம் நிராகரிக்கப்பட்டது. ஆயினும் 2021 செப்டெம்பரில் அதன் விபரங்கள் கசிந்தபோது பலரது சந்தேகம் வலுப்பெற்றது. அதற்கு மறுதரப்பினர் கூறும் பதிலும் கவனத்திற்குரியது. மேர்ஸ் வைரஸிலும், சாதாரண தடிமனை உண்டாக்கும் சில கொரோனா வைரஸ்களிலும் இத்தகைய பகுதி இயற்கையாகவே தோன்றியுள்ளது. வௌவால்கள் வாழும் யுனான் குகைகளுக்கும் வூஹானுக்கும் இடையே ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் இருப்பது எப்படி என்ற கேள்விக்கும், முதலாவது சார்ஸ் வைரஸும் யுனானிலிருந்து தொலைவிலுள்ள குவாங்டொங்கிலேயே வெளிப்பட்டது என அவர்கள் விடையளிக்கின்றனர்.

விஞ்ஞானிகளும் அரசுகளும் விட்ட தவறுகள்

இவ்விவாதம் இத்தனை தூரம் நஞ்சூட்டப்பட்டமைக்கு இரு பக்கத்தினரும் பொறுப்பாளிகளாவர். 2020 பெப்ரவரியில் 'லான்செட்' சஞ்சிகையில் 27 விஞ்ஞானிகள் கையொப்பமிட்ட கடிதமொன்று, இயற்கையல்லாத தோற்றம் பற்றிய பேச்சுகளைச் சதிக்கதைகள் எனக் கண்டித்தது. கையொப்பமிட்டோருள் ஒருவரான பீற்றர் டஸாக், வூஹான் நிறுவகத்துடன் இணைந்து பணியாற்றிய 'ஈகோஹெல்த் அலையன்ஸ்' அமைப்பின் தலைவர் என்ற தொடர்பு அதில் வெளிப்படுத்தப்படவில்லை. 2021 ஜூனிலேயே அச்சஞ்சிகை அதனைத் திருத்தி வெளியிட்டது. 2021 பெப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம், வைரஸ் மனிதரால் உருவாக்கப்பட்டது என்ற பதிவுகளைத் தடை செய்து, மே மாதத்தில் அத்தடையை நீக்கிக் கொண்டது. அதே மே மாதத்தில் 18 விஞ்ஞானிகள் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கடிதமொன்றில், போதிய தரவுகள் கிடைக்கும்வரை இரு கருதுகோள்களையும் சமமாகக் கருத்திற் கொள்ள வேண்டுமெனக் கோரினர். கேள்வி கேட்பதையே குற்றமாக்கினால், பதில் சரியானதாக இருந்தாலும் மக்கள் அதனை நம்பமாட்டார்கள் என்ற பாடத்தை இந்நிகழ்வுகள் புகட்டின.

அரசுகளின் போக்கோ இதனினும் மோசமானது. 2021இன் ஆரம்பத்தில் வூஹான் சென்ற உலக சுகாதார ஸ்தாபனத்தின் குழுவும் சீன விஞ்ஞானிகளும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, இடை விலங்கின் மூலமான பரவலே மிகவும் சாத்தியமானது என்றும், ஆய்வுகூடக் கசிவு அறவே சாத்தியமற்ற அளவுக்கு அரிது என்றும் கூறியது. ஆனால், சகல கருதுகோள்களும் இன்னும் ஆராயப்பட வேண்டியவையே என ஸ்தாபனத்தின் பணிப்பாளர் நாயகம் டெட்ரோஸ் உடனடியாகவே தெரிவித்தார். சீன அரசு உறைந்த உணவுப் பொதிகளின் மூலம் நோய் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்றது. அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றின் மீது விரல் நீட்டவும் அது தயங்கவில்லை. வொஷிங்டனோ முதலில் 'சீன வைரஸ்' எனப் பெயர் சூட்டியது. 2023இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களமும், 2025 ஜனவரியில் சி.ஐ.ஏ.யும் ஆய்வுகூடக் கசிவை நோக்கிச் சாய்ந்தன. இரண்டுமே தமது முடிவின் மீது தாம் கொண்டுள்ள நம்பிக்கை குறைவானதே என ஒப்புக்கொண்டன. ஆயினும் பல தலைப்புச் செய்திகளில் அந்த ஒப்புதல் இடம்பெறவில்லை. குறைந்த நம்பிக்கையுடன் கூறப்பட்ட ஊகம் நிரூபணமாகிவிடாது.

2025 ஜூன் 27ஆம் திகதி, உலக சுகாதார ஸ்தாபனம் அமைத்த சுயாதீன நிபுணர் குழு தனது அறிக்கையை வெளியிட்டது. கிடைத்துள்ள சான்றுகளின் பாரம் விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவியது என்ற பக்கமே சாய்வதாக அது கூறியது. அதேவேளை, ஆரம்ப நோயாளர்களின் மரபணுத் தரவுகள், சந்தையில் விற்கப்பட்ட விலங்குகள் பற்றிய விபரங்கள், வூஹான் ஆய்வுகூடங்களின் பணிகளும் பாதுகாப்பும் பற்றிய தகவல்கள் ஆகியவற்றைச் சீனா வழங்காதமையால், ஆய்வுகூடக் கசிவை ஆராயவோ ஒதுக்கிவிடவோ முடியவில்லை எனவும் அக்குழு சுட்டிக்காட்டியது. எமது கருத்தும் இதுவேயாகும். இன்றுள்ள சான்றுகள் சந்தையின் பக்கம் கனக்கின்றன. வழக்கோ முடிவுறவில்லை. அது முடிவுறாதிருப்பதற்கு விஞ்ஞானத்தின் இயலாமையைவிட ஆவணங்களின் பூட்டே பெரிதும் காரணமாகும்.

சான்றின்றிப் பேசிய உறுதியின் விலை

தொலைதூர வூஹானைப் பற்றிய இவ்விவாதத்தால் எமக்கென்ன என்று எவரேனும் கேட்கக்கூடும். சான்று இல்லாத இடத்தில் உறுதி பேசினால் என்ன நேரும் என்பதை இந்நாட்டைவிட நன்கறிந்த நாடு வேறு இருக்க முடியாது. 2020 மார்ச் மாதத்தில், கொவிட் தொற்றினால் இறந்தவர்களை அடக்கம் செய்யவும் முடியும் என உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டியிருந்தது. அவ்வாறிருந்தும், நிலத்தடி நீர் மாசடையும் என்ற நிரூபிக்கப்படாத அச்சத்தைக் காரணங்காட்டி, இலங்கையில் உடல்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் அவர்களது சமயக் கடமைக்கு மாறாக எரியூட்டப்பட்டன. பிறந்து இருபது நாட்களேயான சிசுவின் உடலும் அதற்குத் தப்பவில்லை. அடக்கத்தை விரும்பிய கிறிஸ்தவக் குடும்பங்களும் அத்துயரைப் பகிர்ந்து கொண்டன. 2021 பெப்ரவரி இறுதியிலேயே தடை நீங்கியது. மார்ச் முதல் ஓட்டமாவடியில் மாத்திரம், உறவினர் பலர் அருகிருக்கவும் இயலாத நிலையில், அடக்கங்கள் நடைபெற்றன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்த உடல்களை எந்த மன்னிப்பும் மீட்டுத் தரப்போவதில்லை.

இங்கு நடந்ததும் வூஹான் விவாதத்தில் நடப்பதும் அடிப்படையில் ஒரே தவறுதான். 'இருக்கக்கூடும்' என்பது 'இருக்கிறது' ஆக்கப்படுகிறது. பின்னர் அந்த 'இருக்கிறது' ஒரு சமூகத்தின் மீதோ ஓர் இனத்தின் மீதோ சுமத்தப்படுகிறது. மேற்கு நாடுகளில் சீன முகச்சாயல் கொண்டோர் வீதிகளில் தாக்கப்பட்டமையும், எமது நாட்டில் முஸ்லிம்கள் நோயைப் பரப்புவோர் எனத் தூற்றப்பட்டமையும் ஒரே வேரிலிருந்து முளைத்தவையாகும்.

இனிச் செய்ய வேண்டியது என்ன?

சார்ஸின் மூலத்தைத் தேடிச் சென்ற விஞ்ஞானிகள், அதன் மரபணுவின் கூறுகள் அனைத்தும் காணப்படும் வௌவால்கள் வாழும் குகையைக் கண்டறிந்து அறிவித்தபோது வருடம் 2017 ஆகியிருந்தது. எயிட்ஸ் நோயைப் போலியோ தடுப்பு மருந்தே ஆபிரிக்காவில் பரப்பியது என 1990களில் எழுந்த குற்றச்சாட்டும், சேமித்து வைக்கப்பட்டிருந்த மருந்து மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டு, எச்.ஐ.வி. அம்மருந்துக்குப் பல தசாப்தங்கள் முன்னரே மனிதரிடையே தோன்றியதென மரபணுக் கணிப்புகள் காட்டிய பின்னரே வீழ்ந்தது. ஆகவே, காலம் கடந்தாலும் உண்மை வெளிவரக்கூடும். அதற்குத் தரவுகளும் மாதிரிகளும் அழிக்கப்படாமல் பாதுகாக்கப்பட வேண்டும்.

விடை எதுவாக அமைந்தாலும், அதற்காகக் காத்திராமல் செய்யக்கூடிய காரியங்கள் இரண்டு உண்டு. வனவிலங்கு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துவது ஒன்று. ஆபத்தான வைரஸ்களைக் கையாளும் ஆய்வுகூடங்களைச் சர்வதேசக் கண்காணிப்புக்கு உட்படுத்துவது மற்றையது. வீட்டுக்கு இரு வாசல்கள் இருக்கையில், கள்வன் எதனால் நுழைந்தான் என்று தர்க்கித்தவாறு இரண்டையும் திறந்து வைத்திருப்பது அறிவுடைமையாகாது. 2025 மே 20ஆம் திகதி உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டமை வரவேற்கத்தக்க முதற்படியாகும். எனினும், தன் மண்ணில் தோன்றும் நோயின் தரவுகளை ஒளிவுமறைவின்றிப் பகிர்வதற்கு நாடுகள் முன்வராதவரை எந்த உடன்படிக்கையும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

சீனா தன் ஆவணங்களைத் திறக்க வேண்டும். ஏனைய வல்லரசுகளும் தமது புலனாய்வு அமைப்புகள் எந்த ஆதாரத்தின் பேரில் முடிவெடுத்தன என்பதை வெளிப்படுத்த வேண்டும். மக்களாகிய நாமோ, எவர் எத்துணை உரத்துக் கூறினாலும், 'சான்று எங்கே?' எனக் கேட்கும் பழக்கத்தைக் கைவிடலாகாது. அக்கேள்வி அன்று இந்நாட்டின் ஆட்சியாளர்களின் காதில் விழுந்திருக்குமாயின், பல பெற்றோர் தமது பிள்ளைகளை மண்ணிலேயே அடக்கம் செய்திருப்பர் என்பதை ஆழ்ந்த வேதனையுடன் கூறிவைக்க விரும்புகிறோம்.